எண்பத்தெட்டாவது நிமிடத்தின் சொந்தக்காரர்

ஞாயிற்றுக்கிழமை தமக்கு முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மெத்தைக்காரர் புதன்கிழமையே முடிவு செய்துவிட்டார்.

எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது வரைக்கும் திட்டம் தயார். சோபாவும் மெத்தையும் தைக்கிற தொழிலில் முதுகு பிடிப்பது அதிசயமில்லை. அவருக்கு இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடப் பிடிக்காமல் இருந்ததுதான் அதிசயம். பாக்கி வைத்திருந்த வலியை ஒரே நாளில் எடுத்துச் செலவழித்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

இத்தனைக்கும் காரணம், ஒரே நாளில் வந்து மோதிய இரண்டு காரியங்கள்.

முதலாவது, மனைவியின் தங்கை வீடு மாறுகிறாள். "அன்னிக்குக் காலையிலேயே வந்துடறோம். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் இவரே தூக்கிடுவார்" என்று மனைவி போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள். தூக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கையின் கணவர் தம் வாழ்நாளில் தூக்கிய கனமான பொருள் சாவிக்கொத்துதான்.

இரண்டாவது, அன்றுதான் கோப்பை நாள்.

பச்சைச் சட்டைக் கால்பந்து அணி பிறந்ததிலிருந்து ஒரே ஒரு கோப்பைதான் வாங்கியிருக்கிறது. மற்ற வருடங்களில் என்ன வாங்கியது என்று கேட்டால் ரசிகர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது தலைநகர் அணி. அவர்களிடம் பணம் இருந்தது, பெயர் இருந்தது, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் இருந்தது. நம்மவர்களிடம் பச்சைச் சட்டை இருந்தது. அதிலும் இரண்டு பேருக்கு அளவு சரியில்லை. அப்படியும் ஜெயித்தார்கள்.

அந்த ஆட்டத்தை எந்த டிவியிலும் காட்டவில்லை. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் ஒரு குவியல் கால்கள் மட்டும் தெரிந்தன. ஆகவே அந்த வெற்றி முழுக்கப் பார்த்தவர்கள் தலைக்குள்தான் இருந்தது. அது சிந்திப்போகாமல் இருக்க ரசிகர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதே மாதத்து முதல் ஞாயிறு, மெத்தைக்காரர் வீட்டுக்கு எதிரே உள்ள சலூனில் கூடுவார்கள். ஆட்டம் தொடங்கிய அதே மூன்று மணிக்குச் சலூன்காரர் விசில் ஊதுவார். அந்தக் கணத்திலிருந்து ஆட்டம் முழுவதையும் மறுபடி வாயால் ஆடுவார்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சொந்தக்காரர். அவரவர் நிமிடம் வரும்போது அவரவர் எழுந்து நின்று, தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். பந்து அவுட்டில் கிடந்த நிமிடத்துக்குக்கூட ஆள் உண்டு. மைதானத்துக்குள் ஒரு நாய் ஓடிவந்தது. அதைப் பிடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டும் தபால்காரருடையவை. நாயாகவே மாறிவிடுவார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் மெத்தைக்காரருடையது. கோப்பையைக் கொண்டுவந்த கோல் விழுந்த நிமிடம்.

மற்றவர்கள் அன்று எதிர்க்கோடியில் இருந்தவர்கள். மெத்தைக்காரர் மட்டும் அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால், மலிவு டிக்கெட்டில். அவர் முறை வந்ததும் எழுவார். தொண்டையைச் செருமுவார். பிறகு கண்களை மூடிக்கொள்வார்.

"சுத்தி எல்லாரும் குதிக்கிறாங்க. நான் அசையல. தனியா நின்னேன், கல்லு மாதிரி. கார்னர் வருது. பந்து கம்பியில பட்டுத் திரும்புது. அவங்க கோல்கீப்பர் விழுந்துட்டான். அப்பப் பறந்து வந்தான் பாருங்க நம்ம ஒட்டடைக்குச்சி! தலையால ஒரே இடி!"

ஒட்டடைக்குச்சி என்பது நெட்டையான, ஒல்லியான ஒரு தடுப்பாட்டக்காரர். அதற்கு முன்னாலும் கோல் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. மெத்தைக்காரர் "இடி" என்றதும் சலூனே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடும். அன்று கூட்டம் மைதானத்துக்குள் ஓடியதல்லவா, அதன் நினைவாக.

"கண்ணை மூடினா அவருக்கு அப்படியே படமா ஓடுது பாரு" என்று வியப்பார்கள்.

அந்த நிமிடம் ஆதியில் அவருடையதில்லை. ஸ்டேடியத்தில் விளக்கு வேலை பார்த்த லைட்மேனுடையது. லைட்மேன் நேர்மையான மனிதர். "கூட்டத்துல சரியாத் தெரியல. ஆனா உள்ள போயிடுச்சு" என்று முடித்துவிடுவார். கோப்பை கோலுக்கு இது போதுமா? ஒரு வருடம் லைட்மேனுக்குக் காய்ச்சல். அன்று மெத்தைக்காரர் எழுந்து ஒரு விதி கொண்டுவந்தார். "சொந்தக்காரர் வரலைன்னா, அந்த நிமிஷத்தை யார் ஒழுங்காச் சொல்றாங்களோ, அன்னியிலேர்ந்து அது அவங்களுக்கு." எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கிய கைகள் இறங்குவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் விட்டு வந்த லைட்மேனுக்கு ஆறுதலாக எண்பத்தேழாவது நிமிடத்தைக் கொடுத்தார்கள்.

விதி நல்ல விதிதான். ஆனால் கத்தியைப் போல, பிடித்திருக்கும் கை மாறினால் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை முகம் மழிக்க உட்கார்ந்தபோது அந்தப் பயம் நிஜமான கத்தியாகவே கழுத்துக்கு வந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?" என்றார் சலூன்காரர். கத்தி தொண்டைக்குழியில் நின்றது.

மெத்தைக்காரர் தலையாட்ட முடியாமல், "ம்" என்றார்.

"மச்சினிச்சி வீடு மாத்தறாங்களாமே. தெருவெல்லாம் பேச்சு. வர முடியலைன்னா பரவாயில்ல. அந்த நிமிஷத்தை நான் பார்த்துக்கறேன். மனப்பாடமா வெச்சிருக்கேன்."

"வருவேன்" என்றார் மெத்தைக்காரர், தொண்டை அசையாமல்.

"வாங்க, வாங்க. வந்தா சந்தோஷம்" என்று கத்தியைத் துடைத்தார் சலூன்காரர். சந்தோஷம் அவர் முகத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை.

இப்படித்தான் முதுகுவலி தவிர்க்க முடியாததாயிற்று. காலையில் குளியலறையில் விழ வேண்டும். மனைவி புலம்பிவிட்டுத் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போவாள். மூன்று மணிக்கு எழுந்து எதிரே போய், நிமிடத்தைச் சொல்லிவிட்டு, அவள் திரும்புவதற்குள் வந்து படுத்துவிடலாம். தெருவின் அகலம்தான் தூரம்.

ஞாயிறு காலை. மாடிக் குளியலறைக்குள் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தார். வெளியே மனைவியின் காலடி கேட்டது.

"ஏங்க, தங்கச்சி போன் பண்ணினா. என்ன சொன்னான்னா..."

"ஐயோ!" என்று வாளியைத் தள்ளிவிட்டு, கவனமாக, ஈரமில்லாத இடமாகப் பார்த்து விழுந்தார்.

கதவு திறந்தது. "என்னாச்சு? என்னங்க ஆச்சு?"

"முதுகு... பிடிச்சுக்கிச்சு... நிமிர முடியல!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சற்றுக் குற்ற உணர்ச்சி வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. தோளைக் கொடுத்து அவரை மாடியறைக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினாள்.

"ஆடாதீங்க, அசையாதீங்க. நான் நர்ஸ் அக்காவைக் கூட்டிட்டு வரேன்."

"அவங்க எதுக்கு? ரெஸ்ட் எடுத்தாச் சரியாப் போயிடும்..."

அவள் ஓடியே விட்டாள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இது திட்டத்தில் இல்லாத ஆள். ஆனால் வந்தால் வலிக்கு ஒரு சாட்சியும் ஆயிற்று என்று மெத்தைக்காரர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். கிடைத்த இடைவெளியை வீணாக்காமல் எழுந்து, அலமாரியின் அடியிலிருந்து பச்சைச் சட்டையை உருவி, பனியனுக்கு மேல் போட்டு, அதற்கு மேல் வெள்ளைச் சட்டையை மாட்டிப் பொத்தானிட்டார். கண்ணாடி முன்னால் நின்று கண்ணை மூடி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துக்கொண்டார். "தலையால ஒரே இடி!" இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. அறைக் கதவு லேசாகக் கிறீச்சிட்டது. காற்றுதான். மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்து மனைவி நர்ஸ் அக்காவுடன் வந்தாள். முகத்தில் வெளுப்பு போயிருந்தது. 'அக்கா வந்த தைரியம்' என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸ் அக்கா அவரைத் தொடக்கூட இல்லை. கட்டிலைத்தான் பார்த்தார்.

"முதல்ல இந்த மெத்தையை எடுங்க. முதுகுக்கு மெத்தை விஷம்."

"அக்கா, இது நானே தைச்சது..."

"அதனாலதான் சொல்றேன். பலகை இருக்கா?"

பட்டறையில் துணி வெட்டுகிற பலகை வந்தது. ஊரையே மெத்தையில் படுக்கவைத்தவர் பலகையில் நீட்டிக் கிடந்தார். உள்ளே பச்சைச் சட்டை வியர்த்தது.

"சாயங்காலம் வரைக்கும் அசையக் கூடாது, தம்பி."

"நீ போகலையா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி காத்திருப்பாளே."

"உங்களை இப்படி விட்டுட்டா? சாப்பாடு கொடுத்துட்டு மதியத்துக்கு மேல போறேன்."

மதியத்துக்கு மேல் அவள் பச்சைப் புடவையில் வந்து நின்றாள். பெட்டி தூக்கப் போகிறவளுக்கு நல்ல புடவை எதற்கு என்று ஒரு கேள்வி அவருக்குள் எழுந்தது. கிளம்பினால் போதும் என்ற ஆவலில் அதை அமுக்கிவிட்டார்.

"அக்கா உங்ககூட இருப்பாங்க. சாயங்காலம் வந்துடுவேன்."

"அக்காவுக்கு எதுக்குச் சிரமம்..."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல, தம்பி" என்று நர்ஸ் அக்கா நாற்காலியை இழுத்து, கதவை மறித்த மாதிரிப் போட்டுக்கொண்டார். மடியில் கம்பளி நூலும் ஊசிகளும் இருந்தன.

"வாசக்கதவை வெளியில பூட்டிக்கிறேன்கா. யாராவது வந்து தட்டினா நீங்க எழுந்து எழுந்து போக வேண்டியதில்ல" என்றாள் மனைவி. பூட்டு விழுந்த சத்தம் மெத்தைக்காரரின் முதுகில், வலிக்க வேண்டிய சரியான இடத்தில், விழுந்தது.

எதிரே சலூனில் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ சிரித்தார்கள். மாடியறை ஜன்னல் திறந்திருந்தது, தெரு குறுகல், சலூன் கதவும் அன்று அகலத் திறந்துதான் இருக்கும். மூன்று மணி. விசில்.

மெத்தைக்காரர் பலகையில் துள்ளினார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. சுளுக்கு."

ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு குரலாக எழுந்து அமர்ந்தது. ஒவ்வொரு குரலும் அவரை ஒரு நிமிடம் நெருங்கியது. எண்பத்தெட்டு என்பது காலையில் கடல் மாதிரித் தெரிந்தது. இப்போது குடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி குறைந்துகொண்டே வந்தது. தபால்காரர் நாயாகக் குரைத்தார். எதிரணி கோல் போட்ட நிமிடத்தில் சலூன் மொத்தமும் "சே!" என்றது. மெத்தைக்காரரும் சேர்ந்து சொல்லப்போய் இருமலாக மாற்றினார்.

இடைவேளை வந்தது. டீ கிளாஸ்கள் உராயும் சத்தம் கேட்டது. இதுதான் சமயம்.

"அக்கா, எனக்கு ரொம்பத் தேவலாம் போல இருக்கு."

ஊசிகள் நின்றன. "வலி குறைஞ்சிருக்கா?"

"குறையறதா? போயே போச்சு! சுத்தமா இல்ல."

நர்ஸ் அக்காவின் முகம் கறுத்தது. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "சுத்தமாவா?"

"சுத்தமா."

"திடீர்னு வலி சுத்தமாப் போறதுதான் தம்பி ஆபத்து. நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். எங்க வார்டுல ஒருத்தர் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே எழுந்தார். மூணு மாசம் டிராக்‌ஷன்ல தொங்கவிட்டோம். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"இருங்கக்கா! கொஞ்சம் வலிக்குது!"

"எங்க?"

"முதுகுல."

"கால்ல உணர்ச்சி இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே கம்பளி ஊசியால் உள்ளங்காலில் ஒரு குத்து.

"ஆ!"

"நல்லது. நரம்பு உயிரோட இருக்கு. அப்படியே படுங்க."

வலிக்கிறது என்றால் பலகை. வலிக்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். இரண்டு பக்கமும் கோல் கம்பம். நடுவில் அவர் பந்தாகக் கிடந்தார்.

இரண்டாவது பாதி. சமன் செய்த கோல் சலூன்காரருடையது. தெரு அதிரச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் குரல் ஜன்னலைப் பார்த்து வந்த மாதிரி இருந்தது: "மெத்தை இன்னும் வரலையேப்பா!"

"முதுகு பிடிச்சுக்கிச்சாம்" என்றது இன்னொரு குரல்.

"பாவம்" என்றார் சலூன்காரர். இவ்வளவு மகிழ்ச்சியாக அந்தச் சொல்லை யாரும் சொல்லி மெத்தைக்காரர் கேட்டதில்லை.

எழுபதைத் தாண்டிற்று. எண்பதை நெருங்கிற்று. கடவுளே என்று தலையைத் திருப்பினால், நர்ஸ் அக்காவின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. ஊசிகள் மடியில் கிடந்தன. குறட்டை.

மெத்தைக்காரர் ஒரு காலை இறக்கினார். பலகை முனகியது. குறட்டை நின்றது. அவரும் நின்றார். குறட்டை தொடர்ந்தது. மற்றக் காலை இறக்கினார். பூனைபோல நாற்காலியைச் சுற்றி, படியிறங்கி, வாசல் கதவை இழுத்தார். வெளிப்பூட்டு. பின்கதவு? அதன் சாவி ஆணியில் இல்லை. என்றைக்கும் அந்த ஆணியில் தொங்குகிற சாவி. மறுபடி மாடிக்கு ஓடி ஜன்னலுக்கு வந்தார். கம்பிகளுக்கு நடுவே தலைகூட நுழையாது. வெள்ளைச் சட்டையில் மூச்சு முட்டியது, கழற்றி எறிந்தார்.

எதிரே லைட்மேன் எழுந்தார். எண்பத்தேழு. "கார்னர் நமக்கு. நம்மாளு பந்தை வெக்கிறான். எடுத்து மறுபடி வெக்கிறான். ஸ்டேடியத்துல மூச்சுச் சத்தம்கூட இல்ல. ரெண்டடி பின்னால போறான்..." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அமைதி. அன்றைய ஸ்டேடியத்தின் அமைதி அப்படியே தெருவுக்கு வந்து நின்றது.

"எண்பத்தெட்டு" என்றார் சலூன்காரர். "சொந்தக்காரர் வரலை. விதி அவர் போட்டதுதான். வேற யாரும் சொல்ல..."

கத்திவிட வேண்டியதுதான். கத்தினால் முதுகுவலி பொய் என்று தெரு முழுக்கத் தெரியும். தங்கை வீட்டில் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவி வரைக்கும் தெரியும். தெரியட்டும்! கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நான் சொல்றேன்" என்றது ஒரு குரல்.

பெண் குரல். அன்றாடம் கேட்கிற குரல். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"அட, நீங்களா? உட்காருங்கம்மா" என்று சலூன்காரர் தடுமாறினார். "இது வீட்டுல கேட்ட கதையைச் சொல்ற இடமில்லம்மா. கண்ணால பார்த்தவங்கதான் சொல்லணும்."

"கண்ணால பார்த்ததைத்தான் சொல்லப் போறேன். அன்னிக்கு நானும் இருந்தேன்."

சலூனில் சலசலப்பு. "நீங்களா? மெத்தை தனியா நின்னேன்னுல்ல சொல்வார்?"

"எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம். அவர்தான் கூட்டிட்டுப் போனார். எனக்குக் கால்பந்து பத்தி ஒண்ணும் தெரியாது. எந்தப் பக்கம் நம்ம கோல்னுகூடத் தெரியாது. கார்னர்னதும் முன்னாடி இருந்தவங்க எல்லாரும் எழுந்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது முதுகுங்கதான். நான் வேற குட்டை. ஏங்க, என்ன நடக்குதுன்னு இவரைக் கேட்கலாம்னு திரும்பினா, ஆளைக் காணோம்."

"எங்க போனார்?"

"எங்கயும் போகல. பயத்துல குனிஞ்சு, தலையை முழங்காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு, காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கீழ பார்த்தேன். நல்ல அகலமான முதுகு. ஏறி நின்னுட்டேன்."

சலூனில் வெடித்த சிரிப்பில் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஜன்னலில் மெத்தைக்காரரின் முதுகு, வாழ்நாளில் முதல்முறையாக, நிஜமாகவே வலித்தது.

"அங்கேர்ந்து எல்லாம் தெரிஞ்சுது" என்று அவள் குரல் தொடர்ந்தது. சிரிப்பு தானாக அடங்கியது. "பந்து வளைஞ்சு வந்துது. கம்பியில பட்டு டங்னு ஒரு சத்தம். அவங்க கோல்கீப்பர் மல்லாக்க விழுந்தார். அந்த ஒல்லியான பச்சைச் சட்டைக்காரர் ஓடிவந்தார். வழுக்கிட்டார். விழும்போது அவர் முட்டியில பந்து பட்டுது. வேகமாகூடப் போகல. குழந்தை தவழ்ற மாதிரி கோட்டைத் தாண்டிப் போச்சு."

"முட்டியா? தலை இல்லையா?"

"முட்டி."

"முட்டிதான்யா!" என்று லைட்மேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. தலை தலைன்னு மெத்தை அடிச்சுச் சொன்னதுல வாயை மூடிக்கிட்டேன்."

"அப்போ இவர் வருஷா வருஷம் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாரே?" என்றார் தபால்காரர்.

"அன்னிக்கு மூடின கண்ணு" என்றாள் அவள். "பஸ்ஸுல திரும்பி வரும்போது, யார் அடிச்சா, எப்படி அடிச்சான்னு வழியெல்லாம் என்னைத்தான் கேட்டார். சரி, அதை விடுங்க. பந்து கோட்டைத் தாண்டிடுச்சு. நான் அந்த முதுகு மேல நின்னு, யாருமே கத்தறதுக்கு முன்னாடி, முதல் ஆளாக் கத்தினேன். கோல்!"

சலூன் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் பாய்ந்தது. இவ்வளவு பெரிய சத்தம் அந்தத் தெருவில் எந்தக் கோப்பை நாளிலும் எழுந்ததில்லை. பாய்ந்தவர்கள் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாடி ஜன்னலில், பச்சைச் சட்டையில், நட்ட கழிபோல நிமிர்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மெத்தைக்காரர் நின்றிருந்தார். கைகள் எப்போது போயின என்று அவருக்கே தெரியாது. கோல் என்று கேட்டால் அவை போய்விடும்.

"முதுகு எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து சலூன்காரர் கத்தினார்.

பின்னாலிருந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா பதில் சொன்னார்: "நல்லா நிமிருது. நரம்பு சாகல."

சாயங்காலம் பூட்டுத் திறந்தது. மெத்தைக்காரர் பலகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி கைப்பையை மாட்டிவிட்டு, பின்கதவுச் சாவியைப் பழைய ஆணியில் தொங்கவிட்டு மேலே வந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போகலையா நீ?" என்றார் சுவரிடம்.

"எதுக்கு? அவ காலையிலேயே போன் பண்ணிட்டா. புது வீட்டுல பெயிண்ட் காயலையாம். அடுத்த வாரம்தான் மாறப் போறா. அதைச் சொல்லி, நீங்க நிம்மதியா சலூனுக்குப் போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் குளியலறைக் கதவுகிட்ட வந்தேன். நீங்க விழுந்துட்டீங்க."

மெத்தைக்காரர் மெல்லத் திரும்பினார். "நிஜமா விழுந்தேன்னு நம்பலையா?"

"நம்பினேனே. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். பாதி வழியில பார்த்தா கால்ல செருப்பு இல்ல. எடுக்கத் திரும்பி வந்து, நீங்க எப்படி இருக்கீங்கன்னு மாடியில எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னாடி ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறார்."

அவருக்குக் கதவின் கிறீச் நினைவுக்கு வந்தது.

"என் மேல கோவம்னா வீட்டுல கேட்டிருக்கலாம். பத்துப் பேர் நடுவுல..."

"கோவம் இன்னிக்கு வந்ததில்ல." அவள் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "வருஷா வருஷம் இந்த ஜன்னல்ல நின்னு கேட்பேன். இந்த வருஷமாவது என்னைச் சொல்வாரான்னு. தனியா நின்னேன், தனியா நின்னேன். அந்த நாய்க்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க. எனக்கு ஒரு வாக்கியம் இல்ல."

மெத்தைக்காரர் பலகையில் விரலால் கோடு கிழித்தார். அன்றைய பாரம் முதுகில் ஞாபகம் வந்தது. பெரிய பாரமில்லை. மூன்று மாதத்துப் புதுப்பெண்ணின் இரண்டு கால்கள்.

"முட்டின்னு அப்பவும் நீ சொன்னே" என்றார் கடைசியில். "தலைன்னா இன்னும் நல்லா இருக்கும்னு நான்தான் மாத்தினேன்."

"தெரியும்."

"நிமிஷம் இனி உன்னோடதுதானா?"

"விதி நீங்க போட்டது. எல்லாரும் கை தூக்கிட்டாங்க. முதல்ல தூக்கினது லைட்மேன். ரெண்டு கையையும் தூக்கினார்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். அந்த மூச்சில் அத்தனை வருடக் கோப்பை நாட்களும் வெளியே போயின. அவளுக்கே பாவமாகிவிட்டது போலும். அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்படி இடிஞ்சுபோய் உட்காராதீங்க. உங்களை விட்டுக் கொடுப்பேனா? சலூன்காரர்கிட்ட மல்லுக்கட்டி உங்களுக்கும் நேரம் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

மெத்தைக்காரர் நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "எனக்கா? எத்தனையாவது நிமிஷம்?"

"ஒரு நிமிஷம் இல்லங்க. முழுசாப் பதினஞ்சு நிமிஷம்."

"பதினஞ்சா!" சலூன்காரருக்கே நாலு நிமிடம்தான். தபால்காரருக்கு நாயோடு சேர்த்து மூன்று. "எந்தப் பதினஞ்சு?"

"இடைவேளை" என்றாள் அவள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு. "எல்லாருக்கும் டீ நீங்கதான் போடணும்."